கோடு யாருக்குச் சொந்தம்? கிரிக்கெட் விளையாட்டைத் தெரிந்துகொள்வோம்



இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் குடிநீரைப் பற்றியும், பிள்ளைகளின் போஷாக்கைப் பற்றியும், சேமலாப நிதியைப் பற்றியும் எழுதி வருகிறோம். இம்முறை கிரிக்கெட்டைப் பற்றி எழுதுகிறோம். "இதுக்கும் நலன்புரிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறோம், நீங்களே கேளுங்கள்.

றொசல்லப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். சித்திரைப் புத்தாண்டு லீவில் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் மெட்ச் நடந்தது. பரிசு ஒரு கோப்பையும் ஒரு பெட்டி சோடாவும். நடுவராக நிற்க நம்மைக் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் நாமும் விளையாடியவர்தானே என்ற தைரியத்தில் போய் நின்றோம். கீழ்ப்பிரிவு எடுத்தது 68 ஓட்டம். மேற்பிரிவு 67 எடுத்த நிலையில் ஒரே ஒரு பந்து மிச்சம். வெற்றிக்கு இரண்டு ஓட்டம் வேண்டும். பையன் அடித்தான், ஓடினார்கள், ஒன்று முடிந்து இரண்டாவதுக்கும் ஓடி வந்தார்கள். பந்து நம் பக்கத்து விக்கெட்டில் பட்டபோது பையனின் துடுப்பு சரியாகக் கோட்டின் மேல் இருந்தது. நாம் அதைக் கண்ணால் கண்டோம். "கோட்டைத் தொட்டுட்டான், அவுட் இல்லை" என்று சொல்லிவிட்டோம்.

அவ்வளவுதான். "அவுட்டுங்க ஐயா!" என்று ஒரு பக்கம், "ஐயாவே சொல்லிட்டாரு, பேசாதே!" என்று மறுபக்கம். ஒருவன் விக்கெட் கம்பைப் பிடுங்கி ஓங்கினான். தடுக்கப்போன பிள்ளைக்குக் கையில் காயம். அதன் பிறகு இரண்டு பிரிவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தாலும் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லை. பெண்பிள்ளைகள்கூட கொழுந்து நிறுக்கும் இடத்தில் தனித்தனியாக நின்றார்கள்.

பிறகுதான் விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தோம். பிழை நம்முடையது என்று தெரிந்தது. என்ன பிழை என்பதைப் பின்னால் சொல்கிறோம். அதைச் சொல்வதற்கு முன்னால் விளையாட்டை முதலிலிருந்து தெரிந்துகொள்வோம். பையன்கள் ஏன் இப்படிக் கூச்சல் போடுகிறார்கள் என்று புரியாமல் இருக்கும் தாய்மாருக்கும் இது உதவும்.

மலைக்கு வந்த விளையாட்டு

வெள்ளைக்காரத் துரைமார் கோப்பியோடும் தேயிலையோடும் கொண்டு வந்த விளையாட்டு இது. தரவளையிலும் ராதெல்லயிலும் அவர்கள் கழகம் அமைத்து மைதானம் வெட்டினார்கள். நம்முடைய முன்னோர் அந்த மைதானங்களைத் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஆனால் விளையாட்டு யாருடைய சொத்தாகவும் நிற்கவில்லை. 1920ஆம் ஆண்டு தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்த ஒருவரின் பேரன்தான் முத்தையா முரளிதரன். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் எடுத்தவர். உலகத்தில் வேறு எவரும் இதுவரை அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. அவருடைய கதையில் நமக்கு வேண்டிய பாடம் இரண்டு இருக்கிறது. அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

ஒரு அணிக்கு 11 பேர். இரண்டு அணித் தலைவர்களும் நாணயம் சுண்டுவார்கள். வென்றவர் முதலில் துடுப்பெடுத்து ஆடுவதா, பந்து வீசுவதா என்று தீர்மானிப்பார். துடுப்பாடும் அணியிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பேர் மட்டுமே களத்தில் இருப்பார்கள். மற்ற அணியின் 11 பேரும் இறங்குவார்கள். ஒருவர் பந்து வீசுவார், ஒருவர் விக்கெட் காப்பாளர், மற்றவர்கள் களத்தடுப்பு.

மைதானத்தின் நடுவில் இருக்கும் ஆடுகளத்தின் நீளம் ஒரு விக்கெட்டிலிருந்து மறு விக்கெட்டுக்கு 22 யார். நல்ல பெரிய எட்டாக 22 எட்டு வைத்தால் ஏறக்குறைய சரியாக வரும். ஒவ்வொரு முனையிலும் மூன்று கம்பு. உயரம் 28 அங்குலம். மூன்றும் சேர்ந்த அகலம் 9 அங்குலம். மேலே இரண்டு சின்னக் கட்டைகள், அவற்றை பெய்ல்ஸ் என்போம். விக்கெட்டுக்கு 4 அடி முன்னால் ஒரு கோடு கிழிக்க வேண்டும். சண்டை பாதி இந்தக் கோட்டில்தான் பிறக்கிறது. ஆகவே கயிறு பிடித்து நேராகக் கிழியுங்கள். காலால் கிழித்த கோடு மூன்றாவது ஓவரிலேயே அழிந்து போகும்.

ஒருவர் தொடர்ந்து 6 பந்து வீசினால் ஒரு ஓவர். அடுத்த ஓவரை வேறொருவர் மறுமுனையிலிருந்து வீச வேண்டும். 50 ஓவர் போட்டியில் ஒருவர் 10 ஓவருக்கு மேல் வீச முடியாது. 20 ஓவர் போட்டியில் 4 ஓவர். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. நம்முடைய 10 ஓவர் மெட்சுக்கு ஆளுக்கு 2 ஓவர் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரி. நன்றாக வீசும் ஒரே பையன் எல்லா ஓவரையும் வீசுவது நியாயமில்லை.

பந்தை அடித்துவிட்டு இருவரும் முனை மாறி ஓடி முடித்தால் ஒரு ஓட்டம். பந்து தரையில் உருண்டு எல்லைக்கோட்டைத் தொட்டால் 4. தரையில் படாமலே எல்லையைத் தாண்டினால் 6. துடுப்பில் படாமல் போன பந்துக்கும் ஓடலாம். அதற்குப் பெயர் பை. உடம்பில் பட்டுப் போனால் லெக் பை. இவை அணியின் கணக்கில் சேரும், அடித்தவரின் கணக்கில் சேராது.

பத்துப் பேர் ஆட்டமிழந்தால், அல்லது ஓவர் முடிந்தால், மற்ற அணி ஆட வரும். அதிக ஓட்டம் எடுத்த அணிக்கு வெற்றி. இரண்டும் ஒரே எண்ணிக்கை என்றால் சமநிலை.

கணக்கைப் படிப்பது எப்படி?

ரேடியோவில் "ஏழு விக்கெட் இழப்புக்கு 241" என்று சொன்னால், 241 ஓட்டம் எடுத்திருக்கிறார்கள், ஏழு பேர் ஆட்டமிழந்து விட்டார்கள் என்று அர்த்தம். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் நடந்த உலகக்கிண்ண இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியா எடுத்தது அதுதான். நமது நாடு 3 விக்கெட் இழப்புக்கு 245 எடுத்தது. பத்தில் மூன்று போனால் மிச்சம் ஏழு. அதனால்தான் "7 விக்கெட்டுகளால் வெற்றி" என்றார்கள். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. அதே ஆட்டத்தில் பந்து வீசி 3 விக்கெட்டும் எடுத்தார். அந்த அணியில் முரளிதரனும் இருந்தார். அன்று ராத்திரி லயத்தில் யாரும் தூங்கவில்லை என்பது நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

டெஸ்ட் போட்டி என்பது வேறு. ஐந்து நாள் நடக்கும். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு முறை ஆட வாய்ப்பு. நேரம் முடிந்தும் முடிவு வராவிட்டால் வெற்றி தோல்வி இல்லை.

ஆட்டமிழக்கும் வழிகள்

நம் மெட்சுகளில் அடிக்கடி வருபவை ஆறு.

1. போல்ட்: வீசிய பந்து விக்கெட்டில் பட்டு பெய்ல்ஸ் விழுதல்.

2. பிடி: அடித்த பந்தைத் தரையில் படாமல் பிடித்தல். பிடிக்கும்போது கால் எல்லைக்கோட்டில் படக்கூடாது. பிடிபட்ட பிறகு யார் அடுத்த பந்தைச் சந்திப்பது என்பதிலும் சண்டை வருகிறது. பந்து காற்றில் இருக்கும்போது இருவரும் கடந்து விட்டால் பழைய ஆள் முனை மாறலாம் என்பது முந்திய விதி. 2022 ஒக்டோபர் முதல் அது மாறிவிட்டது. கடந்தாலும் கடக்காவிட்டாலும் புதிதாக வருபவரே அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும், ஓவர் முடிந்திருந்தால் தவிர. பெரியவர்கள் பழைய விதியைச் சொல்வார்கள், பையன்கள் டீவியில் பார்த்ததைச் சொல்வார்கள். இதில் பையன்கள் சொல்வதே சரி.

3. எல்.பி.டபிள்யூ: விக்கெட்டில் படவேண்டிய பந்தைக் கால் அல்லது உடம்பு மறித்தல். நடுவர் தனக்குள் நாலு கேள்வி கேட்க வேண்டும். முதலில் துடுப்பில் பட்டதா? பட்டிருந்தால் அவுட் இல்லை. பந்து கால் பக்கத்துக் கம்புக்கு வெளியே குத்தியதா? குத்தியிருந்தால் அவுட் இல்லை. மற்றப் பக்கத்துக் கம்புக்கு வெளியே காலில் பட்டதா? ஆடுபவர் உண்மையில் அடிக்க முயன்றிருந்தால் அவுட் இல்லை. கால் இல்லாவிட்டால் பந்து விக்கெட்டில் பட்டிருக்குமா? சந்தேகம் இருந்தால் அவுட் இல்லை. இது கஷ்டமான விதி. அனுபவமுள்ள நடுவர் இல்லாத மெட்சில் எல்.பி.டபிள்யூ இல்லை என்று இரு அணியும் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

4. ஸ்டம்பிங்: ஆடுபவர் ஓட்டம் எடுக்க முயலாமல் கோட்டை விட்டு வெளியே வந்திருக்கும்போது விக்கெட் காப்பாளர் பெய்ல்ஸைத் தட்டுதல்.

5. ஹிட் விக்கெட்: அடிக்கும்போது தன் துடுப்பாலோ உடம்பாலோ தானே விக்கெட்டைத் தட்டுதல்.

6. ரன் அவுட்: ஓடும்போது கோட்டுக்குள் வந்து சேருமுன் விக்கெட்டில் பந்து படுதல்.

அபூர்வமாக வேறும் உண்டு. 2023 நவம்பர் 6ஆம் திகதி டில்லியில் பங்களாதேசுக்கு எதிரான உலகக்கிண்ணப் போட்டியில் நம்முடைய ஏஞ்சலோ மெத்யூஸ் ஒரு பந்தையும் சந்திக்காமல் ஆட்டமிழந்தார். ஒருவர் ஆட்டமிழந்தால் அடுத்தவர் இரண்டு நிமிடத்துக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராக வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. ஹெல்மெட் பட்டி அறுந்ததில் நேரம் போய்விட்டது. சர்வதேசப் போட்டியில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் அவர்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். பந்து வீசும் அணி கேட்டால் மட்டுமே நடுவர் அவுட் கொடுக்கலாம். கேட்காமல் விரலைத் தூக்கக்கூடாது.

கோட்டின் கதை

இப்போது நம் பிழைக்கு வருகிறோம். துடுப்போ உடம்போ கோட்டுக்கு உள்ளே, தரையில் பட்டிருக்க வேண்டும். கோட்டின் மேலேயே இருந்தால் போதாது. அவுட். கோட்டுக்கு உள்ளே வந்தும் துடுப்பு அந்தரத்தில் இருந்தால் அதுவும் அவுட். 2017இல் இதற்கு ஒரு சலுகை வந்தது. ஓடி வந்தோ பாய்ந்தோ ஒருமுறை உள்ளே தரையைத் தொட்டு, அதே வேகத்தில் தொடர்ந்து போகும்போது துடுப்பு எகிறினால் அவுட் இல்லை.

பந்து வீசுபவருக்கும் இதே நீதிதான். அவருடைய முன்காலில் ஏதாவது ஒரு பகுதி கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். குதிகால் கோட்டின் மேல் இறங்கினால் நோ போல். ஆக, கோடு துடுப்பாடுபவருக்கும் சொந்தமில்லை, பந்து வீசுபவருக்கும் சொந்தமில்லை.

அன்று அந்தப் பையன் அவுட். இரண்டாவது ஓட்டம் சேராது. முதல் ஓட்டம் மட்டும் சேரும். 67உம் ஒன்றும் 68. கீழ்ப்பிரிவு எடுத்ததும் 68. மெட்ச் சமநிலை! யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவும் இல்லை. யாரும் தோற்காத ஒரு மெட்சுக்காக இரண்டு பிரிவும் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறோம். இதை அறிந்தபோது நமக்கு வெட்கமாகவே இருந்தது.

கோட்டை விட்டு வெளியே வருவதிலும் கவனம் வேண்டும். இங்கேதான் முரளிதரனிடமிருந்து முதல் பாடம். 2006 டிசம்பரில் நியூசிலாந்தில் கிறைஸ்ட்சேர்ச் டெஸ்டில் சங்கக்கார நூறாவது ஓட்டத்தை எடுத்தார். மறுமுனைக்கு ஓடிய முரளிதரன் துடுப்பை உள்ளே வைத்தார், ஓட்டமும் முடிந்தது. உடனே சங்கக்காரவை வாழ்த்தத் திரும்பி நடந்தார். பந்து இன்னும் காப்பாளர் கைக்கு வந்துகொண்டிருந்தது. காப்பாளர் மெக்கலம் விக்கெட்டைத் தட்டினார். ரன் அவுட். அன்பினால் போனவர் அவுட்டானது சரியா என்று பலரும் விவாதித்தார்கள். ஆனால் விதிப்படி அது அவுட்தான். பந்து ஓய்ந்து நிற்கும்வரை ஆட்டம் உயிரோடு இருக்கிறது. பிள்ளைகளே, கைதட்டலைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் விக்கெட் மிஞ்சும்.

நோ போலும் "எறியிற" பேச்சும்

கோட்டைத் தாண்டி வீசினாலும், குத்தாமல் இடுப்புக்கு மேலே வீசினாலும் நோ போல். எட்டாத தூரத்தில் வீசினால் வைட். இரண்டுக்கும் ஓட்டம் ஒன்று, மீண்டும் ஒரு பந்து. நோ போலில் போல்ட், பிடி, எல்.பி.டபிள்யூ கிடையாது. ஆனால் ரன் அவுட் உண்டு.

நம் பையன்கள் அடிக்கடி "எறியிறான், எறியிறான்!" என்று கத்துவார்கள். கை வளைந்திருந்தால் எறிதல் என்று நினைக்கிறார்கள். அது பிழை. வளைந்த கை குற்றமே இல்லை. வளைந்த முழங்கையைப் பந்தை விடும் நேரத்தில் நிமிர்த்துவதுதான் குற்றம். 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ன் மைதானத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், நடுவர் டெரல் ஹேர் முரளிதரனின் பந்துகளை எறிதல் என்று ஏழு தடவை நோ போல் சொன்னார். முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை. அவர் கையை ஓங்கவில்லை, மைதானத்தை விட்டு ஓடவும் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கமெராக்களின் முன் வீசிக் காட்டினார். ஒரு தடவையல்ல, பல தடவை. ஆராய்ந்து பார்த்ததில், எறிவதாக யாரும் சந்தேகிக்காத பந்துவீச்சாளர்களின் முழங்கையும் கொஞ்சம் நிமிர்வது தெரிந்தது. 2005இல் சர்வதேச கிரிக்கெட் சபை எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை வரை அனுமதித்தது. 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் தன் டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்து விடைபெற்றார். இது இரண்டாவது பாடம். நமக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கம்பைப் பிடுங்குவதால் எந்தத் தீர்ப்பும் மாறாது.

நம் தோட்டத்தில் விளையாடும்போது

நம்ம பக்கம் சமதரை குறைவு. பிரட்டுக்களம், ரோட்டு, லயத்து வாசல், இவைதான் மைதானம். மே மாதம் மழை தொடங்கினால் அதுவும் இல்லை. ஆகவே சில யோசனைகள்.

லயக்கூரையில் பந்து விழுந்தால் என்ன, கானில் விழுந்தால் எத்தனை ஓட்டம், சுவரில் பட்டுப் பிடித்தால் அவுட்டா? இவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. மெட்சுக்கு முன்னால் ஒரு தாளில் எழுதி இரண்டு தலைவர்களும் கையெழுத்து வையுங்கள். நடுவர் இரு பிரிவையும் சேராதவராக இருக்கட்டும்.

பந்து தேயிலைக்குள் போனால் குருட்டுத்தனமாகப் புகாதீர்கள். குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. முதலில் நின்று பாருங்கள், பிறகு ஒருவர் மட்டும் போங்கள். ஒரு பந்து போனால் போகட்டும். ரயில் பாதைக்குப் பக்கத்தில் விளையாடவே வேண்டாம்.

கடினபந்து ஏறக்குறைய 160 கிராம் நிறை. கல்லுக்குச் சமம். ஹெல்மெட், காற்காப்பு, கையுறை இல்லாமல் கடினபந்தில் ஆட வேண்டாம், மென்பந்தே போதும். தலையில் அடிபட்டால், பிள்ளை எழுந்து சிரித்தாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மெட்ச் நடக்கும் இடத்தில் சாராயமும் பந்தயக் காசும் வேண்டவே வேண்டாம். பாதிச் சண்டை கோட்டில் பிறக்கிறது என்றோம். மறுபாதி போத்தலில் பிறக்கிறது.

பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் தலைமையில் நம் நாட்டுப் பெண்கள் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பெட்டும் போலும்?" என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

முடிவாக

விதியைப் படித்த பிறகு நாம் இரண்டு பிரிவுக்கும் போனோம். பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும், "அன்றைக்குப் பிழை என்னுடையது, மெட்ச் சமநிலை" என்று சொன்னோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கீழ்ப்பிரிவிலிருந்து வயதான ஒரு கங்காணி, "அப்படின்னா கோப்பைய என்னங்க பண்றது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இப்போது அந்தக் கோப்பை ஆறு மாதம் மேற்பிரிவு வாசிகசாலையிலும் ஆறு மாதம் கீழ்ப்பிரிவுக் கோயில் மடத்திலும் இருக்கிறது.

ஆகவே இளைஞர்களே, இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து லயத்துச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த மெட்சுக்கு முன்னால் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். நடுவராக நிற்கப் போகிறவர்கள் முதலில் வாசியுங்கள். தெரியாமல் கோட்டருகே போய் நின்ற நாமே இதைக் கேட்டுக்கொள்கிறோம்.